தேனுண்ணியும் தொலைந்த பெயரும்: ரஷ்யக் கரடியைப் பற்றிச் சில கேள்விகள்

ரஷ்ய மொழியில் கரடியைக் குறிக்கும் ‘மெத்வேத்’ என்ற சொல்லைப் பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறோம்.

கேள்வி: நான் ரஷ்ய மொழி கற்று வருகிறேன். ‘மெத்வேத்’ என்றால் ‘தேன் இருக்கும் இடத்தை அறிந்தது’ என்று பொருள் என ஒருவர் சொன்னார். ‘தேனை உண்பது’ என்று வேறோரிடத்தில் படித்தேன். எது சரி?

பதில்: ‘தேனை உண்பது’ என்பதே சரி. மற்ற விளக்கம் ரஷ்யர்களிடையேயும் பரவலாக உண்டு. அது தோன்றிய விதமும் எளிதில் விளங்கக்கூடியதே. இன்றைய ரஷ்யக் காதுக்கு இச்சொல் ‘மெத்’, ‘வேத்’ என இரண்டாகப் பிரிந்து கேட்கிறது. தேனுக்கு ரஷ்ய மொழியில் ‘மியோத்’ என்று பெயர். ‘அறிதல்’ என்ற பொருளில் ‘வேதத்’ என்ற பழைய வினையும் இருக்கிறது. இந்த வினை நாம் அறிந்த ‘வேதம்’ என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு. சூனியக்காரியைக் குறிக்கும் ‘வேத்மா’ என்ற ரஷ்யச் சொல்லும் ‘அறிந்தவள்’ என்ற பொருளில் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஆகவே ‘தேனை அறிந்தது’ என்ற விளக்கம் பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அது சொல்லைத் தவறான இடத்தில் வெட்டுகிறது.

சரியான பிரிப்பு ‘மெத்வ்’ + ‘ஏத்’ என்பதாகும். நடுவிலுள்ள வகரம் தேனுக்குரியதே தவிர, பின்னால் வரும் வினைக்குரியதன்று. ரஷ்யம், செக், போலிஷ் முதலியவை அடங்கிய ஸ்லாவிய மொழிக்குடும்பத்தில் தேனைக் குறித்த பழைய சொல், வடமொழியின் ‘மது’வைப் போலவே, உகரத்தில் முடிந்தது. அந்த ஈற்று உகரம் பிற்காலத்தில் தேய்ந்து மறைந்ததால் இன்று ‘மியோத்’ என்பது மட்டுமே மிஞ்சியிருக்கிறது. ஆயினும், அதற்குப் பின் உயிரெழுத்து வந்த இடங்களில் உகரம் வகரமாகத் திரிந்து, சொல்லுக்குள் பத்திரமாகத் தங்கிவிட்டது. இதற்குச் சான்று தேட ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. ‘தேன் போன்ற’ என்பதற்கு ரஷ்ய மொழியில் ‘மெத்வியானி’ என்றொரு பெயரடை இன்றும் வழங்குகிறது. அதில் அந்த வகரம் அப்படியே நிற்கிறது. இலைகளின் மேல் பிசுபிசுப்பாகப் படியும் இனிப்பு நீரை ரஷ்யர்கள் ‘மெத்வியானயா ரஸா’ என்பார்கள். (இத்தொடரின் இரண்டாம் சொல் பனித்துளியைக் குறிப்பது, அதுவும் வடமொழி ‘ரஸ’த்தின் உறவே. ஆக, தொடர் முழுவதும் நமக்குப் பாதி தெரிந்ததாகவே ஒலிக்கிறது.)

வடமொழிச் சந்தி படித்தவர்களுக்கு இந்த மாற்றம் புதிதன்று. ‘சு’ என்பதோடு ‘ஆகதம்’ சேரும்போது ‘ஸ்வாகதம்’ ஆகிறதல்லவா, அதே முறைதான். தமிழில் ‘திரு’வும் ‘ஆரூரும்’ சேர்ந்து ‘திருவாரூர்’ ஆகும்போது உகரம் அப்படியே நிற்க, இடையில் வகரம் உடம்படுமெய்யாக வந்து சேர்கிறது. வடமொழியிலும் பழைய ஸ்லாவியத்திலும் உகரமே வகரமாக மாறிவிடுகிறது. இவ்வகையில் ‘மது’ என்பதோடு ‘உண்’ என்னும் பொருளுடைய ‘அத்’ சேர்ந்தால் வடமொழியில் ‘மத்வத்’ என்று வர வேண்டும். அப்படியே வந்தும் இருக்கிறது. ரிக்வேதத்தின் முதல் மண்டலத்து 164ஆம் சூக்தத்தில், மரத்தில் அமர்ந்து தேனுண்ணும் பறவைகள் ‘மத்வத’ என்றே அழைக்கப்படுகின்றன. ரஷ்யச் சொல்லுக்கு உறுப்புக்கு உறுப்பு ஒத்த சொல் அது. ஆனால் அங்கே உண்பது பறவை, கரடியன்று. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கவில்லை என்பதையும், பொதுச் சொத்தாகப் பெற்ற இரு வேர்களைக் கொண்டு இரு சாராரும் தனித்தனியே இச்சொற்களை அமைத்துக்கொண்டார்கள் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

‘உண்’ என்னும் வேரின் சுற்றம் பெரியது. ரஷ்ய மொழியில் ‘யெஸ்த்’ என்பது உண்ணுதல், ‘யெதா’ என்பது உணவு. இலத்தீனின் ‘எதோ’, ஜெர்மனின் ‘எஸ்ஸென்’, ஆங்கிலத்தின் ‘ஈட்’ ஆகியவை எல்லாம் இதே குடும்பம்.

கேள்வி: மற்ற ஸ்லாவிய மொழிகளிலும் கரடிக்கு இதே பெயர்தானா?

பதில்: ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதுவே. செக் மொழியில் ‘மெத்வியெத்’, ஸ்லோவேனிய மொழியில் ‘மெத்வேத்’. ஸ்லாவிய மொழிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதற்கு முன்பே இச்சொல் உருவாகிவிட்டது என்பதற்கு இந்த ஒற்றுமையே ஆதாரம். உக்ரைன் மொழியில் மெய்கள் முன்பின்னாக இடம் மாறி ‘வெத்மீத்’ ஆகிவிட்டது. தமிழில் ‘சதை’ என்பது ‘தசை’ என்றும் வழங்குவதைப் போன்ற இடமாற்றம் அது. போலிஷ் மொழியில் முதல் மகரம் நகரமாகத் திரிந்திருக்கிறது. சொல்லுக்குள் தேன் இருக்கிறது என்ற நினைவு பேசுவோர் மனத்தில் உயிரோடு இருந்திருந்தால் இத்தகைய சிதைவுகள் நேர்ந்திருக்க மாட்டா. பல்கேரியர்கள் ‘மெச்கா’ என்பார்கள். அதே சொல்லைச் செல்லமாகச் சுருக்கிக்கொண்ட வடிவம். ஸ்லாவியக் குடும்பத்தைச் சேராத ஹங்கேரிய மொழியும் தன் அண்டை மொழிகளிடமிருந்து ‘மெத்வெ’ என்று இதைக் கடனாகப் பெற்றுக்கொண்டது.

கேள்வி: ஒரு விலங்குக்கு அதன் உணவைச் சொல்லித்தான் பெயர் வைக்க வேண்டுமா? கரடிக்கென்று நேரடியான பெயர் ஏன் இல்லாமல் போயிற்று?

பதில்: இச்சொல்லின் வரலாற்றில் மிகச் சுவையான பகுதி இதுதான். நேரடியான பெயர் ஒரு காலத்தில் இருந்தது. ஸ்லாவியர்கள் அதை இழந்துவிட்டார்கள்.

வடமொழி, கிரேக்கம், இலத்தீன், ஸ்லாவிய மொழிகள் முதலியவற்றுக்கெல்லாம் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் கரடிக்கு ஒரு பழைய பெயர் இருந்தது. அதன் வழித்தோன்றல்கள் வடமொழியில் ‘ருக்ஷ’, கிரேக்கத்தில் ‘ஆர்க்தோஸ்’, இலத்தீனில் ‘உர்சுஸ்’, ஆர்மீனிய மொழியில் ‘ஆர்ஜ்’, வெல்ஷ் மொழியில் ‘ஆர்த்’, பாரசீகத்தில் ‘கிர்ஸ்’ என்று நிலைத்திருக்கின்றன. பழைய அனதோலியாவின் ஹிட்டைட் மொழியில் காணப்படும் ‘ஹர்தக்க’ என்ற சொல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இராமாயணத்து ஜாம்பவானைக் கரடிகளின் அரசன் என்ற பொருளில் ‘ருக்ஷராஜன்’ என்று வடமொழி நூல்கள் அழைக்கும்போது, இந்தப் பழம்பெயரைத்தான் நாம் கேட்கிறோம்.

இப்பெயர் எந்தெந்த மொழிகளில் இல்லை என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. ஸ்லாவிய மொழிகளில் இல்லை. லித்துவேனிய மொழியில் கரடி ‘லோகிஸ்’, லாத்விய மொழியில் ‘லாட்சிஸ்’. அங்கும் பழம்பெயர் வழக்கில் இல்லை. ஜெர்மானிய மொழிகளிலும் இல்லை: ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேர்’ என்ற சொல்லுக்குப் ‘பழுப்பு நிறத்தது’ என்பது ஒரு சாராரின் விளக்கம், ‘காட்டு விலங்கு’ என்பது மற்றொரு சாராரின் விளக்கம்; இரண்டில் எதுவாயினும் அதுவும் ஒரு சுற்றுவழிப் பெயரே. தெற்கே பெயர் பிழைத்திருக்கிறது. அடர்ந்த காடும் கரடி வேட்டையும் அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்த வடக்கில் அது மறைந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில் இதற்குத் தந்த விளக்கம், இன்றளவும் பெரும்பாலான அறிஞர்களால் ஏற்கப்படுகிறது. அஞ்சத்தக்க விலங்கின் உண்மைப் பெயரைச் சொன்னால் அது கேட்டுவிடும், வந்துவிடும், அல்லது வேட்டைக்காரனுக்குத் தப்பிவிடும் என்ற நம்பிக்கையால் அப்பெயரை வாயால் சொல்வதைத் தவிர்த்தார்கள். தவிர்ப்பு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தபோது, பெயரையே யாரும் அறியாத நிலை வந்தது. கொப்புளங்களோடு வரும் கொடிய நோயைப் பெயரிட்டுச் சொல்லத் தயங்கி ‘அம்மை’ என்று சொன்ன நமக்கு இந்த மனநிலை அந்நியமானதன்று. அந்தச் சொல்லே இன்று நோயின் பொதுப்பெயராக நிலைத்துவிட்டதை நினைத்தால், ஸ்லாவியர்களுக்கு நேர்ந்தது எளிதில் விளங்கும்.

எழுத்து தோன்றுவதற்கு முன் நடந்தவற்றை நேரில் கண்டு சொன்ன சாட்சி எவருமில்லை. ஆயினும் இந்த விளக்கத்துக்கு வெளியிலிருந்து வலுவான துணை கிடைக்கிறது. பின்னிஷ் மொழி முற்றிலும் வேறொரு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அங்கும் கரடிக்கு இன்று பொதுவாக வழங்கும் ‘கர்ஹு’ என்ற பெயர் ‘சொரசொரப்பான மயிருடையது’ என்ற பொருளில் அமைந்த மறைபெயர். பழம்பாடல்களில் அதற்குத் ‘தேன்கையன்’ என்று பொருள்படும் ‘மெசிகம்மென்’ என்ற பெயரும் உண்டு. மேற்குச் சைபீரியாவின் காந்தி, மான்சி மக்களிடையே கரடியைப் பற்றிப் பேசும்போது வழக்கமான சொற்களை விலக்கி, அதற்கென்றே உள்ள தனிச் சொற்களைப் பயன்படுத்தும் மரபு இருந்தது. மொழிக்குடும்பம் எதுவாயினும், வடக்குக் காடுகளில் வாழ்ந்தவர்கள் கரடியின் பெயரை எச்சரிக்கையோடுதான் கையாண்டிருக்கிறார்கள்.

கதை அதோடு முடியவும் இல்லை. ‘தேனுண்ணி’ என்ற மறைபெயர் நாளடைவில் பழகிப் பழகி நேர்ப்பெயராகவே ஆகிவிட்டதால், அதையும் மறைக்க வேண்டியதாயிற்று. ரஷ்யச் சிற்றூர்களில் கரடியை ‘எஜமானர்’ என்ற பொருளில் ‘ஹஸ்யாயின்’ என்றார்கள். வளைந்த பாதங்களைக் குறித்துக் ‘கசலாப்பி’ என்றார்கள். தந்தை பெயரும் சேர்த்து மரியாதையாக ‘மிஹாய்லோ பதாப்பிச்’ என்றும் அழைத்தார்கள்.

கேள்வி: குழந்தைகள் கதையில் வரும் ‘மீஷா’, ‘மீஷ்கா’ என்ற பெயர்களும் ‘மெத்வேத்’ என்பதிலிருந்து வந்தவையா?

பதில்: இல்லை. ‘மீஷா’ என்பது ‘மிஹயீல்’ என்ற ஆண்பெயரின் செல்லச் சுருக்கம். அப்பெயரோ எபிரேயத்திலிருந்து கிறித்தவத்தின் வழியே வந்தது. முதலெழுத்தின் ஒலியொற்றுமையே அதைக் கரடியின் மேல் ஏற்றியது என்பது பரவலான கருத்து. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக் போட்டியின் சின்னமாக, ஓவியர் விக்தர் சிழிக்கொவ் வரைந்த ‘மீஷா’ என்ற கரடிக்குட்டி இப்பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. உண்மையாகவே ‘மெத்வேத்’ என்பதிலிருந்து பிறந்தது, 2008 முதல் 2012 வரை ரஷ்யக் குடியரசுத் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயரான ‘மெத்வேதெவ்’. ‘மெத்வேத்’ என்ற பட்டப்பெயர் கொண்ட ஒருவரின் வழிவந்தவர் என்பது அதன் பொருள்.

கேள்வி: கரடியின் குகைக்கு ரஷ்ய மொழியில் ‘பெர்லோகா’ என்று பெயர். இதிலுள்ள ‘பெர்’ என்பதே கரடியின் உண்மையான பழம்பெயர் என்றும், ‘பெர்லின்’ நகரத்தின் பெயரிலும் அதுவே மறைந்திருக்கிறது என்றும் ஒரு காணொலியில் கேட்டேன். உண்மையா?

பதில்: இரண்டுமே உண்மையல்ல. ரஷ்யர்களிடையே இக்கதை மிகப் பிரபலம் என்பதால் சற்று விளக்கமாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. ‘பெர்’ என்பது ஜெர்மானியச் சொல். அதுவே ஒரு மறைபெயர் என்று மேலே கண்டோம். ஆகவே ஸ்லாவியர்கள் ஒளித்துவைத்த ‘உண்மைப் பெயராக’ அது இருக்க வழியில்லை. ‘பெர்லோகா’ என்ற சொல்லின் இணைகள் மற்ற ஸ்லாவிய மொழிகளிலும் உள்ளன; தென் ஸ்லாவிய மொழிகளில் அவை பன்றி புரளும் சேற்றுக்குழியையும் விலங்கின் அழுக்கான படுக்கையையும் குறிக்கின்றன. ஆகவே கரடிக்கு மட்டுமே உரிய சொல் அன்று அது. 1950க்கும் 1958க்கும் இடையில் வெளிவந்த மக்ஸ் ஃபாஸ்மெரின் ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியும் ஜெர்மன் சொல்லோடு இதை இணைப்பதை ஏற்கவில்லை. பெர்லின் நகரின் பெயரைப் பொறுத்தவரை, சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவிய வேரொன்றிலிருந்தே அது வந்தது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நகரச் சின்னத்தில் நிற்கும் கரடி, பெயரின் ஒலியைக் கேட்டுப் பின்னால் வந்து சேர்ந்தது.

குகையின் பெயரில் கரடியின் பழம்பெயர் ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் மட்டும் முற்றிலும் கற்பனையன்று. அது வேறொரு மொழியில் உண்மையாகியிருக்கிறது. லித்துவேனிய மொழியில் கரடியின் குகைக்கு ‘இர்ஷ்த்வா’ என்றொரு சொல் உண்டு. அது ‘ருக்ஷ’, ‘ஆர்க்தோஸ்’ ஆகியவற்றின் உறவு என்று கருதுகின்றனர். விலங்கின் பெயரைச் சொல்ல அஞ்சியவர்கள், அதன் வீட்டின் பெயருக்குள் அதை விட்டுவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: வடமொழியில் ‘ருக்ஷ’ என்பதற்கு விண்மீன் என்ற பொருளும் உண்டே? சப்தரிஷி மண்டலத்தை ஐரோப்பியர்கள் ‘பெருங்கரடி’ என்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு உண்டு. சப்தரிஷி மண்டலத்துக்கு ரஷ்ய மொழியில் ‘பல்ஷாயா மெத்வேதித்ஸா’, அதாவது பெரிய பெண்கரடி என்று பெயர். கிரேக்கர்களும் அதைக் கரடி என்றே அழைத்தார்கள். ரிக்வேதத்தின் முதல் மண்டலத்து 24ஆம் சூக்தத்தில், உயரே வைக்கப்பட்டு இரவில் தென்படும் இந்த ‘ருக்ஷங்கள்’ பகலில் எங்கே போகின்றன என்ற வியப்பு வருகிறது. சப்தரிஷிகள் முற்காலத்தில் ‘ருக்ஷங்கள்’ என்றே அழைக்கப்பட்டதாகச் சதபத பிராமணம் வெளிப்படையாகவே சொல்கிறது. கரடியின் பெயர் ஒரு விண்மீன் கூட்டத்துக்கு ஆகி, பின்பு விண்மீன்களுக்கே பொதுவாயிற்று என்பது ஏற்புடைய விளக்கம். ‘ரிஷி’ என்ற சொல்லின் ஒலி நெருக்கமும் கரடிகளை முனிவர்களாக மாற்ற உதவியிருக்கலாம்.

இதில் ரஷ்ய மொழிக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. கரடி விண்மீன்களுக்குக் கீழுள்ள வடதிசையைக் கிரேக்கர்கள் ‘ஆர்க்திகோஸ்’ என்றார்கள். அதிலிருந்து வந்த ‘ஆர்க்திகா’ என்ற சொல்லால்தான் ரஷ்யர்கள் இன்று தங்கள் நாட்டின் வடமுனைப் பகுதியைக் குறிக்கிறார்கள். முன்னோர் அஞ்சித் தவிர்த்த பெயர், கிரேக்கத்தின் வழியே சுற்றிக்கொண்டு, எவரையும் அச்சுறுத்தாத புவியியல் சொல்லாகத் திரும்பி வந்திருக்கிறது. ரஷ்யக் காடுகளில் வாழும் பழுப்புக் கரடிக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் இட்ட அறிவியல் பெயரோ ‘உர்சுஸ் ஆர்க்தோஸ்’. இலத்தீனில் ஒருமுறையும் கிரேக்கத்தில் ஒருமுறையுமாகக் ‘கரடிக்கரடி’ என்று சொன்னதாகத்தான் அதற்குப் பொருள். ஒரு வேரிலிருந்து பிரிந்து போன இரு சொற்கள் அங்கே அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன.

கேள்வி: ‘மது’ நம்மிடம் கள்ளையும் குறிக்கிறது. ரஷ்ய மொழியின் ‘மியோத்’ தேனை மட்டும் குறிக்குமா?

பதில்: இரண்டையும் குறிக்கும். தேனை நொதிக்கவைத்து இறக்கும் மது பழைய ரஷ்யாவின் விருந்துகளில் முக்கியமானது. அதற்கும் ‘மியோத்’ என்றே பெயர். ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள் பெரும்பாலும் விருந்தோடு முடியும், கதை சொல்பவர் இறுதியில், “நானும் அங்கே இருந்தேன், தேன்மதுவும் பீரும் குடித்தேன், மீசையில் வழிந்ததே தவிர வாய்க்குள் போகவில்லை” என்று சொல்லி முடிப்பது மரபு. இவ்வேரின் பொருள் தேனுக்கும் மதுவுக்கும் இடையே எங்கும் இவ்வாறே ஊசலாடுகிறது. லித்துவேனிய மொழியில் ‘மெதுஸ்’ தேன். ஆங்கிலத்தில் ‘மீட்’ தேன்மது. கிரேக்கத்தில் ‘மெத்யு’ திராட்சை மது. செவ்வந்திக்கல்லுக்குக் கிரேக்கர்கள் ‘போதையைத் தடுப்பது’ என்ற பொருளில் இட்ட ‘அமெதிஸ்தோஸ்’ என்ற பெயரும் இந்தக் கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. கிழக்கே, மத்திய ஆசியாவின் தொகாரிய மொழியில் ‘மித்’ என்று இருந்த இச்சொல்லைச் சீனர்கள் தேனுக்காகக் கடன் வாங்கினார்கள் என்பது பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. இன்றைய சீனத்தில் அது ‘மீ’ என்று ஒலிக்கிறது.

கேள்வி: ரஷ்ய நண்பர் ஒருவர் யாரோ செய்த உதவியை ‘கரடி உதவி’ என்று குறிப்பிட்டார். பேருதவி என்று பொருள் கொள்ளலாமா?

பதில்: கூடாது. பொருள் நேர்மாறானது. ‘மெத்வேழியா உஸ்லூகா’ என்ற அத்தொடர், உதவப் போய்க் கேடு விளைவிப்பதைக் குறிக்கும். கதாசிரியர் இவான் கிரிலோவின் நீதிக்கதையொன்றிலிருந்து அது பரவியது: உறங்கும் துறவியின் நெற்றியில் அமர்ந்த ஈயை விரட்ட, அவருடைய நண்பனான கரடி பெரிய கல்லொன்றைத் தூக்கி எறிகிறது, ஈயோடு துறவியின் உயிரும் போகிறது. இக்கதையைப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1678ஆம் ஆண்டிலேயே பாடியிருக்கிறார். அதற்கும் முன்னால், அரசனின் மேல் அமர்ந்த ஈயை வாளால் வெட்டிய குரங்கின் கதையாகப் பஞ்சதந்திரத்தில் நாம் அறிந்ததே இது. இன்றைய ரஷ்யர்களிலேயே சிலர், கரடி பெரிய விலங்கு என்பதால் இதைப் ‘பெரிய உதவி’ என்ற பொருளில் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே உங்கள் நண்பர் எந்தப் பொருளில் சொன்னார் என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.